விபத்தில் போன பல்லுக்கு யார் பணம் தருவார்கள்?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் வந்து ஏறிக் கிடக்கும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் ரோடு திறந்த பிறகு, பைக்கில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அந்த மணலில் ஆட்டம் கண்டிருப்பார்கள். நான் விழுந்தே விட்டேன். எதிரே வண்டி இல்லை, யாரும் இடிக்கவில்லை, முழுக்க என் தப்பு. கீழ்த்தாடையில் விரிசல். மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்று பாதியாக உடைந்தது, இன்னொன்று வேரோடு வெளியே வந்துவிட்டது.

அந்த முழுப் பல்லை மணலில் தேடி எடுத்தது சங்கு, பாசி விற்கும் ஒரு அம்மா. நான் செய்த முட்டாள்தனம் அதற்கு அப்புறம்தான். பாட்டில் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ராமநாதபுரத்துக்கு வந்து பல் டாக்டரிடம் காட்டியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. "பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் திரும்ப நட்டுப் பார்த்திருக்கலாம்" என்றார். வேரின் மேலுள்ள மெல்லிய திசுதான் பல்லைத் திரும்பப் பிடிக்க வைக்கிறதாம். அதைத்தான் நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். பல்லை அதன் தலைப்பக்கம் பிடிக்க வேண்டும், வேரைத் தொடவே கூடாது, டீக்கடையில் ஒரு டம்ளர் பால் வாங்கி அதில் போட்டு ஓட வேண்டும். இதற்கு எந்தக் காப்பீடும் தேவையில்லை. ஆனால் ஒன்று, இது நிலையான பல்லுக்குத்தான். குழந்தைகளின் பால்பல் விழுந்தால் திரும்ப நட மாட்டார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மருத்துவமனை ரசீதுகள் நகலெடுக்க வரும்போது எப்படியும் என் கண்ணில் படும். என் வாயில் பல் போன கதை ஊருக்கே தெரியும் என்பதால் "அண்ணே, பல்லுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே வரியில் சொல்ல முடியாத பதில் அது. ஒரே மாதிரி உடைந்த பல்லுக்கு, எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்து, தட்ட வேண்டிய கதவு மாறுகிறது. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு கேள்வி கேட்பார்கள். மெடிக்கிளெய்ம் (நாமே பணம் கட்டி எடுக்கும் மருத்துவக் காப்பீடு) கேட்பது "பெட்டில் சேர்ந்தாயா?" அரசுத் திட்டம் கேட்பது "சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா?" மோட்டார் விபத்து நீதிமன்றம் கேட்பது "எந்த வண்டி இடித்தது?" பல்லைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை.

முதலில் சொந்தமாகக் கட்டும் மெடிக்கிளெய்ம். நம் ஊரில் பாதிப் பேர் "பல்லுக்கு இன்சூரன்ஸே கிடையாது" என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் "விபத்து என்றால் எல்லாம் உண்டு" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ஏமாறுகிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் இருப்பது இரண்டுக்கும் நடுவே. விபத்து இல்லாமல் வரும் சொத்தைப் பல், வேர்ச் சிகிச்சை, பல்லை வரிசைப்படுத்தக் கம்பி கட்டுவது எதுவும் கிடையாது. விபத்தால் பல்லுக்குச் சிகிச்சை தேவைப்பட்டு, அதற்காக மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் உண்டு. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை என்று தனி வரியே இருக்கிறது. ஆனால் அந்த வரி உள்நோயாளிச் செலவுகளுக்குக் கீழே இருக்கிறது. அதாவது 24 மணி நேரமாவது பெட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது பகல்நேரச் சிகிச்சை என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும் அறுவையாக இருக்க வேண்டும். அவர்கள் ஏற்கும் தொகையில் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். இன்னொரு நல்ல செய்தி, புது பாலிசி எடுத்த முதல் 30 நாள் எதுவும் கிடையாது என்ற விதி விபத்துக்குப் பொருந்தாது.

எனக்குத் தாடையில் தகடு வைக்க வேண்டியிருந்ததால் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தேன். தகடு வைத்ததற்குக் காப்பீட்டு நிறுவனம் முணுமுணுக்காமல் கொடுத்தது. பல் சம்பந்தமான வரிகள் அத்தனையையும் அடித்துவிட்டது. ஏன் என்று பார்த்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் கீழ்த்தாடை எலும்பு முறிவு என்று மட்டும் எழுதியிருந்தது. பல் என்ற சொல்லே அதில் இல்லை! வாய் முழுக்க ரத்தமாக வந்தவனுக்கு எலும்பைத்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள், எழுதும்போதும் அதையே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அலைந்து, முதல்நாள் எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டி, இரண்டு பல்லின் எண்ணையும் குறிப்பிட்டுத் திருத்தச் சான்று வாங்கி அனுப்பினேன். மேல்வரிசை நடுப்பல் இரண்டுக்கும் பல் டாக்டர்கள் 11, 21 என்று எண் போடுவார்கள். அந்த எண் காகிதத்தில் ஏறியதும் பாதி வழி திறந்துவிட்டது. உடைந்த பல்லுக்குச் செய்த வேர்ச் சிகிச்சைக்கும், ஆடிய பக்கத்துப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியதற்கும் பணம் வந்தது. போன பல்லுக்குப் பதிலாகப் பல் வைப்பதற்கு வரவில்லை.

வராததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, செயற்கைப் பல், இம்பிளான்ட், கேப் இவற்றைப் பல பாலிசிகள் பெயர் சொல்லியே விலக்கியிருக்கும். இன்னொன்றைத்தான் யாரும் சொல்வதில்லை. அது நாள்கணக்கு. டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஆகும் செலவை ஆரோக்கிய சஞ்சீவனியில் 60 நாள் வரைதான் ஏற்பார்கள், சில பாலிசிகளில் 90 அல்லது 180 நாள். இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்றிலிருந்து ஆறு மாதம் பொறுத்து, அப்புறம் மேலே பல் மாட்டுவது. முறிந்த தாடை என்றால் அது கூடி வரவே முதலில் காத்திருக்க வேண்டும். ஆக டாக்டரின் காலண்டரும் காப்பீட்டின் காலண்டரும் சந்திப்பதே இல்லை. அதனால் என் யோசனை இது: 60 நாளுக்குள் முடியக்கூடியதை (வேர்ச் சிகிச்சை, கம்பிக் கட்டு, உடைந்த வேரை எடுப்பது) அதற்குள் முடித்து ரசீது போட்டுவிடுங்கள். இம்பிளான்ட்டை மெடிக்கிளெய்மில் துரத்த வேண்டாம். நான் ஆறு மாதம் துரத்தினேன். கடைசியில் பக்கத்துப் பற்களைத் தேய்த்து, அவை தாங்கி நிற்கும் செயற்கைப் பல்லாகப் பிரிட்ஜ் கட்டிக்கொண்டேன், கைக்காசில்.

தாடைக்கு ஒன்றும் ஆகாமல் பல் மட்டும் உடைந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு நாள் பெட்டில் படுத்துக்கிட்டா கிடைக்கும்ல?" கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு அட்மிஷன் எதற்கு என்று கேட்டு நிராகரிப்பார்கள், அந்தக் கேள்வி நியாயமும்கூட. அறை வாடகை தண்டமாகப் போகும், பொய் சொன்னதாகப் பாலிசியில் கறுப்புப் புள்ளியும் விழும். புறநோயாளிச் செலவுக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்ளும் இணைப்பு சில பாலிசிகளில் இருக்கிறது, பல்லும் அதில் வரும். வருடா வருடம் பல்லைக் காட்டிச் சுத்தம் செய்கிற குடும்பம் என்றால் யோசிக்கலாம். விபத்தை நினைத்து மட்டும் அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, கூடுதலாகக் கட்டும் பணமும் திரும்பக் கிடைக்கும் உச்சவரம்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

அடுத்து அரசுக் கதவு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தாடை எலும்பு முறிவு அறுவைக்கு இதில் வழி உண்டு. பல் கட்டுவதற்கு இதை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் ரோட்டில் அடிபட்ட யாராக இருந்தாலும், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். ராமேஸ்வரத்துக்கு வட இந்தியாவிலிருந்து வரும் யாத்ரீகர்கள் கூட்டத்தை நினைத்தால் இது நம் கரைக்கு எவ்வளவு தேவை என்று புரியும். 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டத்தை அறிவிக்கை செய்தது. ரோடு விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை. இவையெல்லாம் உயிரையும் எலும்பையும் காப்பாற்றும் திட்டங்கள். பல்லின் வேலை தொடங்கும்போது இவற்றின் கெடு முடிந்திருக்கும்.

ஆனாலும் அடிபட்டவுடன் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போவதையே நான் சொல்வேன், அது இலவசம் என்பதற்காக மட்டும் இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனை 2022 முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கிறது. மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போகும் முன்பே அங்கே விபத்துப் பதிவேட்டில் காயங்களை எழுதிவிடுவார்கள். அந்த ஏ.ஆர். நகல்தான் பின்னால் எல்லாக் கதவுக்கும் சாவி. எழுதும்போது கூட நிற்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்: "டாக்டர், பல்லும் போயிருக்கு, அதையும் எழுதுங்க." மண்டையையும் கைகாலையும் பார்க்கும் அவசரத்தில் அவர்களாக வாய்க்குள் பார்க்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. முடிந்தால் முழுத் தாடையும் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை முதல் ஓரிரு நாளுக்குள் எடுத்துவிடுங்கள். "இந்தப் பல் முன்னாலேயே போனது" என்று யாராவது சொன்னால் அது ஒன்றுதான் பதில்.

மூன்றாவது கதவு மோட்டார் விபத்து இழப்பீடு. இன்னொரு வண்டி இடித்திருந்தால் பல்லைப் பொறுத்தவரை இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட மேல் என்பது என் தீர்மானம். மெடிக்கிளெய்ம் பல்லை எலும்புக்குக் கீழே வைத்திருக்கிறது. சட்டம் அப்படி வைக்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-வது பிரிவில் கொடுங்காயம் எவையெவை என்று எட்டு வகை சொல்லியிருப்பார்கள். ஏழாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம் பெயர்வது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவிலும் அதே வரி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டமும் கொடுங்காயத்துக்கு அந்தப் பொருளையே எடுத்துக்கொள்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 164-வது பிரிவின்படி, யார் தப்பு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கலாம். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி என்றால் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், அதற்கு வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் இடித்துவிட்டுப் போகும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த 50,000 இருப்பதே பலருக்குத் தெரியாது.

தப்பு அவர்கள் மேல் என்று நிரூபிக்க முடிந்தால் 166-வது பிரிவில் முழு வழக்குப் போடலாம். அதில்தான் இம்பிளான்ட்டுக்கு இடம் உண்டு. எதிர்கால மருத்துவச் செலவு என்று ஒரு தலைப்பில், இன்னும் செய்யாத சிகிச்சைக்கும் பல் டாக்டரின் மதிப்பீட்டுச் சான்றை வைத்துக் கேட்க முடியும். மெடிக்கிளெய்மை அடைத்துப்போட்ட காலண்டர் இங்கே தடை இல்லை. பதிலுக்கு வேறு தொல்லைகள். எஃப்.ஐ.ஆர். வேண்டும், ஆறு மாதத்துக்குள் வழக்கைப் போட வேண்டும், தீர்ப்புக்கு வருடக்கணக்கில் ஆகலாம். எந்தப் பிரிவில் கேட்பது லாபம் என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றை விட வேண்டியிருக்கும். என்னைப் போலத் தானாக விழுந்தவருக்கு இந்தக் கதவு கிடையாது. பின்னால் உட்கார்ந்து வந்தவர் ஓட்டினவரின் பாலிசியில் கேட்கலாம், ஆனால் அது முழுப் பாலிசியாக இருக்க வேண்டும். குறைந்த காசுக்கு எடுக்கும் மூன்றாம் நபர் பாலிசி அவரைக் காப்பாற்றாது.

கடல் விஷயம் வேறு. விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்ச் கயிறு அறுந்து முகத்தில் அடித்துப் பல் போனவர்கள் பாம்பனிலும் மண்டபத்திலும் இருக்கிறார்கள். அதை ரோடு விபத்து என்று சொல்லிச் சேர்க்க முடியாது, அதனால் மேலே சொன்ன இழப்பீடும் 48 மணி நேரத் திட்டமும் பொருந்தாது. மீனவர்களுக்கென்று பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் குழு விபத்துக் காப்பீடு உண்டு. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தில் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 ரூபாய் வரை. பல்லுக்குப் பயன்படக்கூடியது அந்தக் கடைசி 25,000 மட்டுமே, அதற்கும் பெட்டில் சேர்ந்திருக்க வேண்டும். சங்கத்தில் பெயர் இருக்கிறதா, மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவு சரியாக இருக்கிறதா என்று மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்கும்போது பார்த்து வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிடைக்கிறதே.

வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடான சுரக்ஷா பீமாவைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் நிறைய. அது இறப்புக்கும் கண், கை, கால் இழப்புக்கும். பல்லுக்கு ஒரு பைசாவும் இல்லை. பைக் இன்சூரன்ஸோடு ஓட்டுபவருக்குக் கட்டாயமாகச் சேர்க்கும் 15 லட்சமும் அப்படியே. இரண்டையும் விட்டுவிடாதீர்கள், பல்லோடு சேர்த்து எண்ணாதீர்கள், அவ்வளவுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கும் வேலையில் இருந்தால், அந்த மருந்தகத்திலேயே பல் சிகிச்சைக்கு வழி கேளுங்கள், அங்கே பெட்டில் சேர்ந்தாயா என்ற கேள்வி இல்லை.

காகித வேலையில் இரண்டு விஷயம். அவசரமாகச் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். அசல் ரசீதைக் கொடுக்கும் முன் மருத்துவமனை முத்திரையோடு இன்னொரு நகல் எடுத்து வையுங்கள், வழக்குக்குத் தேவைப்படும். (ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்வதால் வியாபாரம் என்று நினைக்க வேண்டாம்.) நிராகரித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், எந்த விதியின் கீழ் என்பதோடு. நிறுவனத்துக்கே முறையீடு அனுப்பி ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், ஒரு வருடத்துக்குள் எழுதினால் போதும். எனக்குத் திருத்தச் சான்று அனுப்பியதிலேயே வேலை முடிந்ததால் அங்கே போகவில்லை.

போன வாரம் உச்சிப்புளியிலிருந்து ஒரு அக்கா வந்தார். பதினொரு வயது மகன் சைக்கிளில் போகும்போது வேன் தட்டி முன்பல் இரண்டும் போய்விட்டன. நிலையான பல். தாடைக்கு ஒன்றும் இல்லை, தனியார் கிளினிக்கில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் சவுதியில், இங்கே குடும்பத்துக்கு ஒரு மெடிக்கிளெய்ம் கட்டுகிறார், அதில் வாங்கித் தரச் சொன்னார். பையனைப் பெட்டில் சேர்க்கவில்லை என்பதால் அது நடக்காது என்றேன். பையனுக்கு இம்பிளான்ட் இப்போது வைக்கவும் மாட்டார்கள், தாடை வளர்ந்து முடிய ஏழெட்டு வருடம் போக வேண்டும், அதுவரை கழற்றி மாட்டும் பல்தான். அத்தனை வருடம் தள்ளி வரும் செலவை இன்றைக்கே கேட்க முடிந்த ஒரே இடம் வேனின் காப்பீடு. வேன்காரர் "கேஸ் வேண்டாம், பத்தாயிரம் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அது பெரிய தொகையாகத் தெரிந்தது. பல் டாக்டரிடம் பதினெட்டு வயது வரை ஆகும் செலவுக்கு மதிப்பீடு எழுதி வாங்குங்கள், அப்புறம் அந்தப் பத்தாயிரத்தைப் பாருங்கள் என்றேன்.

விபத்து நடந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. மறுநாள் பையனை ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக் காயத்தைப் பதிவு செய்துவிட்டு, அந்தக் கையோடு ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொன்னார். கிளினிக் ரசீதும் எக்ஸ்ரே ரிப்போர்ட்டும் மூன்று செட் எடுத்துக் கொடுத்தேன்.